ரப்பர் கொட்டை ஏன் சுடுகிறது?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்மரத்தடியில் கிடக்கும் ரப்பர் கொட்டை ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். சிமெண்டுத் தரையில் பத்துப் பதினைந்து முறை பரபரவென்று தேய்க்க வேண்டும். அசந்திருப்பவன் தொடையில் அதை வைத்துவிட்டு ஓட்டம் பிடிக்க வேண்டும். கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பாடாங் செராயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த பெரியவர் யாரைக் கேட்டாலும் சூடு வைத்த கதை ஒன்றும் சூடு வாங்கிய கதை ஒன்றும் கைவசம் இருக்கும். கொட்டை ஏன் சுடுகிறது என்று கேட்டால் மட்டும், தேய்த்தால் சுடத்தானே செய்யும் என்பார்கள். பள்ளிப் பாடம் மறக்காதவர் ‘உராய்வு’ என்பார்.

அங்கே நிறுத்தாமல் இன்னொன்றும் கேட்கலாம். கொட்டை இருந்தது தேய்த்தவனின் விரல்களுக்கு நடுவில்தானே? அவன் விரல் ஏன் சுடவில்லை?

இந்த இடத்தில் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். உராய்வு என்ற சொல் இதற்கு உதவாது. கொட்டையின் ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். தேய்த்த பக்கத்தில் பிறந்த வெப்பம் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதனால் ஒரே கொட்டையின் ஒரு முகம் கொதிக்க, மறுமுகம் குளிர்ந்தே இருக்கிறது. அதே தரையில் ஒரு காசைத் தேய்த்தால் பிடித்த விரலும் சூட்டை உணரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஒரு கைப்பேசியும் இரண்டு நிமிடமும் போதும். 13 வயதுப் பிள்ளை ஒன்று இதைப் படம் பிடித்து விளக்கினால் அது நல்ல அறிவியல் காணொளி. ஆனால் உலக அளவில் புகழ்பெற்ற மாணவர் அறிவியல் காணொளிப் போட்டி ஒன்றுக்கு அதை அனுப்பினால் முதல் சுற்றைக்கூடத் தாண்டாது. ஏன் என்று பார்ப்பதற்கு முன், இந்தப் போட்டிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

அறிவியலைச் சபையில் விளக்கிக் காட்டுவது புதிய பழக்கம் இல்லை. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825-இல் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைத் தொடங்கியது. அந்த மேடையில் மைக்கேல் ஃபாரடே ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஒரு தொடர் முழுவதும் பேசினார். எரிதல், காற்று, நீர், மூச்சு என்று வேதியியலில் பாதி அந்தச் சுடருக்குள் இருப்பதைக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதைப் பார்த்த விதம்தான் புதிது.

அதே சுடரிலிருந்து ஒரு போட்டியும் பிறந்தது. அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா 11 வயதில் தன் ஆசிரியையிடம் சுடர் என்றால் என்ன என்று கேட்டார். ஆக்சிஜனேற்றம் என்று பதில் வந்தது. ஒரு புதிருக்கு இன்னொரு புதிரைப் பதிலாகக் கொடுத்தது அவர் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. 2012-இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதே கேள்வியை அவர் உலக விஞ்ஞானிகளின் முன் வைத்தார். நடுவர்கள் யார் தெரியுமா? 11 வயதுப் பிள்ளைகள். 800-க்கும் மேற்பட்ட விளக்கங்களை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எடைபோட்டார்கள். ஆஸ்திரியாவில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த பென் ஏம்ஸ் வென்றார். அவர் அனுப்பியது கேலிச்சித்திரமும் கடைசியில் ஒரு பாட்டும் கொண்ட காணொளி. அடுத்தடுத்த ஆண்டுகளில் காலம் என்றால் என்ன, நிறம் என்றால் என்ன, தூக்கம் என்றால் என்ன என்று கேள்விகள் தொடர்ந்தன. எல்லாமே எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடியவை, எந்தப் பேராசிரியரும் தடுமாறக்கூடியவை.

2015-இல் வந்த ‘பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச்’ அந்த ஏற்பாட்டைத் திருப்பிப்போட்டது. இங்கே விளக்குகிறவர்கள் 13 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்கள். பரிசுத் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். வென்றவருக்கு 2,50,000 டாலர் கல்வி உதவி, அவருடைய ஆசிரியருக்கு 50,000 டாலர், பள்ளிக்கு 1,00,000 டாலர் மதிப்பில் ஆய்வுக்கூடம். யூரி மில்னர், ஜூலியா மில்னர் தம்பதியின் கொடை இது. முதல் ஆண்டு ஒஹாயோவைச் சேர்ந்த ரயன் செஸ்டர் சிறப்புச் சார்பியலை விளக்கி வென்றார். 2016-இல் பரிசு இருவருக்குப் போனது. ஒருவர் சிங்கப்பூரின் டியானா சீ, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் பேசியவர். இன்னொருவர் பெரு நாட்டின் அந்தோனெல்லா மசினி, குவாண்டம் பின்னலைப் பற்றிப் பேசியவர். 2018-இல் உடலின் நாள்கடிகாரத்தைப் பற்றிய காணொளிக்காகப் பெங்களூருவின் சமய் கோதிகா வென்றார். 2023-இல் அவர் தங்கை சியா கோதிகாவும் வென்றார்.

ஒரே வீட்டில் இரண்டு பரிசு. அந்தப் பிள்ளைகளின் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இத்தகைய போட்டியில் வீடு எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை அந்தச் செய்தி ஓசையில்லாமல் சொல்லிவிடுகிறது.

பிலிப்பைன்ஸின் ஹில்லரி டயன் ஆண்டாலெஸின் கதை வேறு மாதிரி. லேய்த்தே தீவைச் சேர்ந்தவர். 2013-இல் ஹையான் சூறாவளி அந்தத் தீவைச் சூறையாடியது. 2016 போட்டியில் மக்கள் வாக்கில் முதலிடம் வந்தும் பரிசு கிடைக்கவில்லை. மறு ஆண்டு சார்பியலை எடுத்துக்கொண்டு மீண்டும் வந்து வென்றார். இரண்டாம் முறை வருவதற்குத் துணிவு வேண்டும். 2020-இல் கனடாவின் மரியம் செகாயே குவாண்டம் துளைத்தலை விளக்க, கணினி விளையாட்டில் குறுக்குவழி போட்டுச் சுவரை ஊடுருவிப் போகும் பாத்திரத்தைத் துணைக்கு அழைத்தார். வீட்டில் கண்ட காட்சி ஒன்று இயற்பியலின் மிகக் கடினமான கருத்துக்குக் கைப்பிடியாகிவிட்டது. போட்டியின் வரலாற்றில் படிக்க வேண்டிய உத்தி இதுதான்.

ரப்பர் கொட்டைக்கு வருவோம். பிரேக்த்ரூ போட்டி நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறது: பார்ப்பவரை ஈர்த்தல், தெளிவாக்கல், படைப்புத்திறன், எடுத்துக்கொண்ட கருத்தின் கடினம். நான்காவதுதான் சிக்கல். கருத்து கடினமாக இருந்தால் மதிப்பெண் என்றால், பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? சார்பியல், நியூட்ரினோ, குவாண்டம். எல்லாமே கண்ணால் காண முடியாதவை, தொட்டுப் பார்க்க முடியாதவை, வீட்டில் சோதிக்க முடியாதவை. மாணவர் அவற்றைப் புத்தகத்தில் படித்து, புரிந்துகொண்டு, வேறு சொற்களில் சொல்கிறார். அது மதிக்க வேண்டிய திறன். ஆனால் அறிவியலின் முதல் படி அது இல்லை. முதல் படியின் பெயர் மலேசியத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரியும்: உற்றறிதல்.

இந்தச் சொல்லுக்காகவே ஒரு பத்தி ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் ‘கவனித்தல்’, ‘உற்றுநோக்கல்’ என்பார்கள். மலேசியத் தமிழ்ப் பாடநூல்கள் உற்றறிதல் என்கின்றன. பார்ப்பதோடு நிற்காமல் கேட்டு, முகர்ந்து, தொட்டு அறிவதும் அந்தச் சொல்லில் அடங்கும். கருதுகோள், ஊகித்தல், தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று இன்னும் பல சொற்கள் கூடவே வருகின்றன. ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒன்று, தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்திய மாறியாக வைத்துக்கொண்டேன் என்று தமிழில் சொல்வதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் வியந்துபோவார்கள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் இந்தச் சொற்கள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் மலாயில், சில பள்ளிகளில் ஆங்கிலத்தில். தமிழில் அறிவியல் பேச மேடையில்லை. பதின்மூன்று வயதில் நாக்கு மாறுகிறது. அதற்குப் பிறகு உற்றறிதல் என்ற சொல்லைப் பயன்படுத்தும் வாய்ப்பு பலருக்கு வாழ்நாள் முழுவதும் வருவதில்லை.

மொழிக் கொள்கையும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடக்கம். 2009-இல் அந்தத் திட்டம் கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது. 2016-இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் ஆங்கில வழி மீண்டும் தலைகாட்டியது. தமிழ்ப் பள்ளிகள் அதில் சேரலாமா கூடாதா என்று நாளிதழ்களிலும் கூட்டங்களிலும் அனல் பறந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆங்கிலம் இல்லாமல் மேற்படிப்பு கடினம் என்ற பெற்றோரின் கவலை பொய்யில்லை. தாய்மொழியில் யோசிக்காத பிள்ளை மனப்பாடம் செய்யும் என்ற ஆசிரியரின் கவலையும் பொய்யில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புரிகிறதா என்பதை அந்தச் சண்டையில் யாரும் பெரிதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. நாட்டின் நிலையோ அனைத்துலகப் பீசா தேர்வில் தெரிந்தது. 2018-இல் 438 ஆக இருந்த மலேசியாவின் அறிவியல் சராசரி 2022-இல் 416 ஆக இறங்கியது.

புரிகிறதா என்பதைச் சோதிக்கத்தான் காணொளி உதவும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கான சான்றுகள் சுவையானவை.

யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்ப்ளிட், ஃபிராங்க் கைல் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறைத் தொட்டி போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். ஆட்கள் தங்களுக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக விளக்குங்கள் என்றதும் திணறினார்கள். பிறகு அவர்களே தங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். தெரியும் என்ற நினைப்புக்கும் தெரிவதற்கும் நடுவில் உள்ள பள்ளம், வாய்விட்டு விளக்கும்போதுதான் காலில் தட்டுப்படுகிறது. ரப்பர் கொட்டைக்காரர் ‘உராய்வு’ என்று சொல்லிவிட்டு நின்ற இடமும் அதுதான்.

நெதர்லாந்தின் வின்சென்ட் ஹூகர்ஹெய்டேயும் உடன் ஆய்ந்தவர்களும் 2016-இல் இன்னும் நேரடியாகச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு பாடத்தைப் படித்தார்கள். பிறகு ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் கற்பனையான ஒரு நண்பருக்கு எழுதி விளக்கினார்கள். மூன்றாம் பிரிவினர் கேமராவைப் பார்த்துப் பேசி விளக்கினார்கள். பேசியவர்கள் மறுபடி படித்தவர்களைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள். எழுதியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. எதிரே ஆள் இல்லாவிட்டாலும், யாரோ பார்க்கப்போகிறார் என்ற உணர்வு பேச்சைச் செப்பனிடுகிறது போலும்.

ஆகவே காணொளிப் போட்டியின் முதல் பயன், அதை எடுக்கும் பிள்ளைக்கு. பார்க்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை கொஞ்சம் கசக்கும்.

பின்னாளில் வெரிடாசியம் என்ற புகழ்பெற்ற யூடியூப் தளத்தைத் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்டத்துக்கு இதைத்தான் ஆராய்ந்தார். மாணவர்களுக்கு இயற்பியல் காணொளிகளைக் காட்டினார். ஒருவகைக் காணொளி பாடத்தை நேராக, தெளிவாக விளக்கியது. பார்த்தவர்கள் நன்றாக இருந்தது, எளிதாகப் புரிந்தது என்றார்கள். தேர்வு வைத்தால் முன்னேற்றம் அநேகமாக இல்லை. இன்னொருவகைக் காணொளியில் ஒருவர் வழக்கமான தவறான கருத்துகளைச் சொல்ல, மற்றவர் மடக்கினார். பார்த்தவர்கள் குழப்பமாக இருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். ஆனால் தேர்வில் அவர்களே முன்னேறினார்கள். அதாவது, பார்வையாளருக்குப் பிடித்த காணொளியும் பார்வையாளருக்குக் கற்பித்த காணொளியும் ஒன்றில்லை. விருப்பக்குறிகளை எண்ணிப் பரிசு கொடுக்கும் போட்டிகள் இந்த ஓர் ஆய்வை மட்டுமாவது படித்திருக்கலாம். பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் என்று புலனக் குழுக்களில் இணைப்பை அனுப்பி, ஒரு ‘லைக்’ போட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவது பிள்ளையின் அறிவியல் அறிவை எந்த வகையிலும் அளக்காது.

தெளிவாகச் சொல்லப்படும் தவறான விளக்கத்துக்குத் தமிழ்ப் பள்ளி வளாகங்களிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, கண்ணாடிக் குவளையால் மூடும் சோதனை. சுடர் அணைகிறது, நீர் குவளைக்குள் ஏறுகிறது. மேடையில் நிற்கும் மாணவி, குவளைக்குள் இருந்த ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தை நீர் நிரப்பியது, காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு இதுவே சான்று என்று முழங்குவாள். கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் உற்றறிந்தால் கதை வேறு. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது நீர் அதிகம் ஏறுவதில்லை, அணைந்த பிறகே விரைந்து ஏறுகிறது. குவளையைக் கவிழ்க்கும்போது விளிம்பில் சில வேளை குமிழிகள் வெளியேறுவதையும் காணலாம். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிட்டது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக் காற்றழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் ஏறுவதற்குப் பெரும்பங்கு காரணம் அதுதான். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். ஆக்சிஜன் எரிந்த இடத்தில் கரியமில வாயுவும் நீராவியும் பிறக்கின்றன என்பதையும் அந்த விளக்கம் மறந்துவிட்டது. மூன்று மெழுகுவத்திகளை வைத்துச் செய்தால் நீர் இன்னும் மேலே ஏறும். ஆக்சிஜன் மும்மடங்காகவில்லையே! ஃபாரடே மெழுகுவத்தியை வைத்து ஒரு தொடரே பேசியதற்குக் காரணம் இருக்கிறது.

இப்படிப்பட்ட காணொளியை எடைபோடும் நடுவருக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும் குரல் வளத்தில் மயங்காமல் இருக்க வேண்டும். பிந்தியது இன்னும் கடினம். தமிழ்ப் பள்ளிகளின் பெருமைகளில் ஒன்று பேச்சுப் போட்டி. அந்த மரபு அப்படியே காணொளிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கைகூப்பி வணக்கம், நீதிபதிகளுக்கு வணக்கம், நேரக் காப்பாளருக்கு வணக்கம். மூன்று நிமிடக் காணொளியில் அரை நிமிடம் வணக்கத்துக்கே போய்விடும். பிறகு ஆசிரியர் எழுதிய உரையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குரல். செந்தமிழ் கேட்க இனிக்கும். ஆனால் பிள்ளையின் கண், கேமராவுக்குப் பின்னால் யாரோ பிடித்திருக்கும் தாளில் ஓடிக்கொண்டிருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அண்மைக் காலமாக அந்தத் தாளை ஆசிரியர்கூட எழுதத் தேவையில்லை, செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடும்.

மாற்று வழி மலேசியாவுக்குப் பழக்கமானதே. பிரிட்டனின் செல்டன்ஹாம் நகரில் 2005-இல் பிறந்த ‘ஃபேம்லேப்’ போட்டியில் விஞ்ஞானிகளுக்கு மூன்றே நிமிடம். திரைப்படமும் இல்லை, படக்காட்சியும் இல்லை. கையில் கொண்டுவரக்கூடிய பொருள் மட்டும். பேசி முடித்ததும் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் அங்கே செல்லுபடியாகாது. இந்தப் போட்டியின் 2016 அனைத்துலகப் பட்டத்தை மலேசியாவின் மரபணுவியல் அறிஞர் அபி வீரகுமாரசிவம் வென்றார். 2018-இல் அதே பட்டம் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சித்தி கைரியாவுக்குக் கிடைத்தது. இரண்டு முறை உலகை வென்ற நாடு, தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே முறையைப் பரவலாக்கத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பள்ளிகளுக்கென்றே அறிவியல் மேடை இல்லாமலும் இல்லை. ‘அஸ்தி’ என்று அறியப்படும் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கத்துக்கான அமைப்பு, ஆரம்பத் தமிழ்ப் பள்ளி மாணவர்களுக்காக அறிவியல் விழாவைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை ஒன்றைச் செய்து, நடுவர்கள் முன் நின்று விளக்குகிறார்கள். தோட்டப்புறத்துச் சிறு பள்ளிகளும் அதில் பங்குபெறுகின்றன. அத்தகைய விழாவோடு ஒரு காணொளிப் பிரிவைச் சேர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை.

இந்தியாவில் 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு வேறு ஒரு பாடத்தைத் தருகிறது. அங்கே 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கி ஆராய வேண்டும். குளம், குப்பை, கிணற்று நீர், வயல் பூச்சி என்று எதுவாகவும் இருக்கலாம். தாய்மொழியில் எழுதலாம், பேசலாம். தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட ‘வானவில் மன்றம்’ திட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைக் கருவிகளோடு ஆட்களையே பள்ளிக்கு அனுப்புகிறது. இவற்றில் ‘கடினம்’ என்ற அளவுகோல் இல்லை. ‘உன் ஊர்’ என்ற அளவுகோல் இருக்கிறது.

அந்த அளவுகோலைப் பாடாங் செராயில் வைத்துப் பார்த்தால் தலைப்புகளுக்குப் பஞ்சமே இல்லை.

கூலிம் மாவட்டத்துச் சிறு நகரம் அது. சுற்றிலும் விக்டோரியா, ஹென்ரியேட்டா என்று வெள்ளைக்காரத் துரைமார் வைத்துப்போன பெயர்கள் இன்னும் தமிழ்ப் பள்ளிகளின் பலகைகளில் இருக்கின்றன. பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டன. லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே மாவட்டத்தில் 1996-இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்பினியோன் போன்ற நிறுவனங்கள் மின்னணுச் சில்லுகளைச் செய்கின்றன. ஒருபக்கம் பால் வடியும் மங்கு, மறுபக்கம் மைக்ரோசிப். நடுவில் பள்ளிப் பேருந்து ஓடுகிறது.

பால் வெட்டு விடியுமுன் ஏன் தொடங்குகிறது? நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு ஓடிய பாட்டி, துரை அப்படி வைத்தான் என்பார். அது பாதி உண்மை. மரத்தின் பால் நாளங்களில் அழுத்தம் இரவு முடியும் வேளையில்தான் உச்சத்தில் இருக்கிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்குகின்றன, மரத்துக்குள் நீர் குறைகிறது, நாளத்தின் அழுத்தம் தளர்கிறது, பால் வடிவது குறைகிறது. துரை சொன்னதற்கு முன்பே மரம் சொல்லிவிட்டது. பாட்டியை உட்கார வைத்து இரண்டு கேள்வி கேட்டு, ஒரு கீரைத் தண்டைத் தண்ணீரில் போட்டும் வெயிலில் போட்டும் வித்தியாசத்தைக் காட்டினால் காணொளி முடிந்தது.

மங்கில் வடிந்த பால் தானே கட்டிப்பால் ஆவது ஏன்? பால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றினால் உடனே உறைவது ஏன்? ரப்பர் துகள்கள் ஒவ்வொன்றையும் புரதப் போர்வை ஒன்று சுற்றியிருக்கிறது. அதில் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் பால் பாலாகவே இருக்கிறது. அமிலம் சேர்ந்தால் மின்னேற்றம் சமமாகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆசிட் ஊற்றாவிட்டாலும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் தாமே அமிலத்தை உண்டாக்கிவிடும். அடுப்படியில் அம்மா பாலுக்கு உறை ஊற்றும்போது நடப்பதும் ஏறத்தாழ இதுதான். இரண்டுக்கும் தமிழன் ‘பால்’ என்றே பெயர் வைத்தது தற்செயலா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் நடுவர் எழுந்து நின்று கைதட்டலாம். அந்த ஆசிட்டின் பெயர் ஃபார்மிக் அமிலம். 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதைப் பிரித்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எறும்புக் கடியைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அந்த அமிலத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது. காணொளிக்கு எலுமிச்சைச் சாறும் பசும்பாலும் போதும்.

செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்கக் கூட்டுப்பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். கும்மிருட்டில் ஆந்தை எலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதன் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை என்பதில் இருக்கிறது விடை. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரங்கள் ஒட்டுமொத்தமாக இலை உதிர்ப்பது ஏன்? ஒட்டுப்பால் ஏற்றிய லாரி போனால் ஊரே மூக்கைப் பிடிப்பது ஏன்? ஒவ்வொன்றிலும் ஒரு காணொளி இருக்கிறது. இவற்றில் எதற்கும் இணையத்தில் தயார் நிலையில் தமிழ் விளக்கம் எளிதில் கிடைக்காது என்பது கூடுதல் நன்மை. பிள்ளை தானே பார்த்து, தாத்தாவைக் கேட்டு, ஆசிரியரோடு வாதாடிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கருவி, இணையம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வை மறைக்க வேண்டாம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்து படித்த வீடுகள் தோட்டப்புறங்களில் சாதாரணம். சபாவில் பல்கலைக்கழக மாணவி வெவியோனா மொசிபின் தேர்வெழுத அலைவரிசை தேடி மரமேறியதை நாடே பார்த்தது. எனவே போட்டி நடத்துவோர் படத்தின் தரத்துக்கு மதிப்பெண் தரக்கூடாது. வெட்டி ஒட்டாத ஒரே எடுப்பு, இரண்டு நிமிடம், வீட்டில் பேசும் தமிழும் செல்லும் என்று விதி வைத்தால், மென்பொருள் வாங்கித் தரும் பெற்றோரும் வாங்கித் தர முடியாத பெற்றோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இறுதிச் சுற்றில் ஐந்து நிமிடம் நேருக்கு நேர் கேள்வி. விரல் ஏன் சுடவில்லை என்பது போல ஒரு கேள்வி. மாணவர் எனக்குத் தெரியவில்லை, சோதித்துப் பார்க்கிறேன் என்றால் அதற்கும் மதிப்பெண்.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் ஒழிக்கப்பட்டது. அந்தத் தேர்வுக்காக ஒதுக்கிய மாதங்கள் இப்போது பள்ளிகளின் கையில் இருக்கின்றன. தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இப்படி ஒரு போட்டிக்குச் சில வாரங்கள் தந்தால் போதும். மேலிடத்துச் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரப்பர் காய்கள் முற்றி வெடிப்பது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். காய்ந்த ஓடு முறுக்கேறிப் பட்டென்று பிளந்து, கொட்டைகளைப் பல மீட்டர் தொலைவுக்கு வீசும். பாடாங் செராய்ப் பக்கம் இன்னும் பால்மரம் நிற்கும் இடம் தெரிந்தவர்கள், வெயில் ஏறிய பிறகு பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். சத்தம் கேட்கும். கைப்பேசியைக் குறுக்குவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.